ஹலோ சொன்னா கட்!

“ராத்திரியானா போதும் சார், ஃபோன் அடிக்க ஆரம்பிச்சுடுது. எடுத்து ஹலோன்னு சொன்னதும் கட் பண்ணிடறான். கொஞ்சம் கண்ணசந்தா மறுபடியும் அடிக்கறான். நாங்க திருப்பிக் கூப்பிட்டா எடுக்கறதே இல்ல. என் வீட்டுக்காரர் நிம்மதியாத் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா?”

ஃபோன் கம்பெனி மேனேஜரின் மேஜை மேல் கணவனின் ஃபோனைப் பொத்தென்று வைத்தாள் அவள்.

“கஸ்டமர் கேர்ல சொன்னீங்களாம்மா?”

“ஒண்ணை அழுத்து, ரெண்டை அழுத்துன்னு உயிரை வாங்கறாங்க. அதான் நேர்லயே வந்துட்டேன்.”

மேனேஜருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“மனுஷனைத் தூங்க விடாமப் பண்றது மகா பாவம்மா! நம்பரை அப்புறம் பிளாக் பண்ணிக்கலாம். முதல்ல அந்தப் பொறுக்கியை நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன். போடுங்க ஃபோனை!”

“அப்படிச் சொல்லுங்க!” அவள் குஷியாக அந்த நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள். ரிங் போனது.

மேனேஜரின் சட்டைப் பையும் பாட ஆரம்பித்தது.

“யாரோ உங்களைக் கூப்பிடறாங்க. எடுத்துப் பேசுங்க சார், இவன் எங்க ஓடிடப் போறான்?”

தன் ஃபோனை எடுத்துப் பார்த்தவர் பேயறைந்த மாதிரி ஆனார்.

“ஏம்மா... உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பாக்கறார்?”

“நம்ம கம்பெனி கோடவுன்லதான் சார், நைட் வாட்ச்மேன்” என்றாள் அவள் பெருமையாக. “நீங்க அவனை மட்டும் விட்டுடாதீங்க!”