எப்போதும் ஐந்து சதவீதம் கீழே

"எந்த நம்பர்ல பதிஞ்சேன்னு எனக்கே சரியா ஞாபகம் இல்லம்மா. ரெண்டு வருஷத்துல மூணு போன் மாத்திட்டேன். ஒண்ணு மெஷினோட கூலண்ட் தண்ணித் தொட்டியில விழுந்துருச்சு."

"பரவால்ல அங்கிள். உங்க அடையாள அட்டை, ஐசி நம்பர் சொல்லுங்க, அத வெச்சுத் தேடுறேன்" என்றாள் லோஷினி. லேத் பட்டறைகளுக்கு இணையத்தில் வேலை பிடித்துத் தரும் ஒரு மலேசியக் கம்பெனியின் ஜொகூர் பாரு அலுவலகத்தில் உட்கார்ந்து, கோபமாகக் கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் அவள் வேலை.

ஜெயபாலன் நம்பரைச் சொன்னார். குளுவாங்கில் இருபத்தாறு வருடமாகப் பட்டறை வைத்திருப்பவர், வேலை கிடைக்கவில்லை என்று மகள் வயதுப் பெண்ணிடம் முறையிடுவது அவருக்கே கூச்சமாக இருந்தது. பின்னால் இரண்டு லேத்தும் சும்மா நின்றன.

"சந்தா கட்டி ஒரு வருஷம் ஆச்சும்மா. நாப்பத்தி மூணு கோட்டேஷன் போட்டேன், ஒண்ணு கூட வரல. டிராயிங்க பாத்து, இரும்பு விலை கேட்டு, ஒவ்வொண்ணுக்கும் அரை நாள் போவுது. பாதிப் பேரு சும்மா விலை தெரிஞ்சிக்கத்தான் கேக்குறாங்க லா. சரி, அத விடு. ஒவ்வொரு தடவையும் நான்தான் ரெண்டாவது. மொத ஆளு யாருன்னு காட்ட மாட்றீங்க, விலைய மட்டும் காட்டுறீங்க. என்னைவிட அஞ்சு பர்சன்ட் கம்மி. நாலு இல்ல, ஆறு இல்ல. அஞ்சு!"

"மார்க்கெட்னா போட்டி இருக்கும்தானே அங்கிள்?"

"இது போட்டி இல்ல. என் கணக்கு தெரிஞ்ச ஆளு. நடுவுல டூல் உடைஞ்சா ஆவட்டும்னு நான் அரை மணி நேரம் கூட்டிப் போடுவேன். அது வரைக்கும் தெரிஞ்சவன் ஒருத்தன்தான். அவன் பேர மட்டும் சொல்லு. கட்டுன காசு கூட எனக்கு வேணாம்."

"மத்த மெம்பர் பேரு சொல்லக் கூடாது அங்கிள். ரூல்ஸ்."

"சொல்லும்மா." அவர் குரல் இறங்கிவிட்டது. "எனக்கு அது தெரிஞ்சே ஆவணும்."

"லைன்லயே இருங்க, பாக்குறேன்" என்றாள் லோஷினி. போனில் ஏதோ இசை ஓடியது.

அவர் மனைவி கஸ்தூரி காப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "இன்னும் ரூபனத்தான் தேடுறீங்களா?"

"அவன விட்டா வேற யாரு?"

"அப்ப அவன்தான்னு தெரியாமலேயா அன்னிக்குக் கோயில்ல அத்தன பேரு முன்னால கத்துனீங்க?"

ஜெயபாலன் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

ரூபன் என்கிற ரூபேந்திரன் இதே பட்டறையில் பதினோரு வருடம் பக்கத்து லேத்தில் நின்றவன். பிறகு பக்கத்து ஊரான சிம்பாங் ரெங்கத்தில் ஒரு பழைய மெஷினை வாங்கிப் போட்டுச் சொந்தமாகத் தொழில் செய்தான். பங்குனி உத்திர அன்னதானத்தில், அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த இலைக்கு முன்னால் போய் நின்று, "என் விலையத் திருடிப் பொழைக்கிறியே, வெக்கமா இல்ல?" என்று கேட்டார் ஜெயபாலன். வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, "நான் அதுல சேரவே இல்லண்ணே" என்றான் அவன். அவ்வளவுதான். பாயசம் வருவதற்குள் இலையை மடித்துவிட்டு எழுந்து போனான்.

அடுத்த வரிசையில் செம்பனை எண்ணெய் ஆலையின் மேற்பார்வையாளர் ஐயாசாமி உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆலை கொடுத்த வேலையில்தான் ரூபனின் பட்டறை ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாதத்தோடு அந்த வேலை நின்றது.

சாப்பிட உட்காரும்போதெல்லாம் பாதிச் சோற்றோடு மடித்த அந்த இலை ஜெயபாலனின் கண்ணுக்கு முன் வரும். பெயர் மட்டும் தெரிந்துவிட்டால் அது வராது என்று அவர் நம்பினார்.

"மெஷின வித்துட்டானாம்" என்றாள் கஸ்தூரி. "திங்கக்கிழமை சிங்கப்பூருக்குப் போறானாம், வேலைக்கு."

"தப்புப் பண்ணவன்தானே ஓடுவான்?"

"அடுப்பெரியாதவனும் போவான்."

இசை நின்றது. "அங்கிள்..." லோஷினியின் குரலில் முன்பிருந்த சகஜம் இல்லை. "நீங்க சொன்னது சரிதான். ஒரே ஆளுதான். உங்க நாப்பத்தி மூணுலயும் அவங்கதான் மொதல். ஆனா ஒரு வேலையக் கூட செய்யல. கஸ்டமர் கூப்பிட்டா அந்த போன் நம்பர் போவவே இல்லயாம், வெறுத்துப்போயி வெளியில வேற ஆள பாத்துக்கிட்டாங்களாம்."

"பேரு?"

ஜெயபாலன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். கஸ்தூரியும் போகாமல் நின்றாள்.

"மத்தவங்க பேருன்னா சொல்லக் கூடாது அங்கிள். இத சொல்லலாம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால இங்க ஜொகூர் பாரு கண்காட்சியில எங்க ஸ்டால்ல இலவசமா ஒரு அக்கவுண்ட் தொறந்தீங்களா? யாரு கம்மியா விலை போட்டாலும் அதுக்கு அஞ்சு பர்சன்ட் கீழ தானாவே போடட்டும்னு அதுல டிக் பண்ணியிருக்கு. உங்க ஐசியிலதான் இருக்கு, பழைய போன் நம்பரோட."

லோஷினி அந்தக் கணக்கை அன்றைக்கே மூடிவிட்டாள். ரூபேந்திரன் சிங்கப்பூரில், ஜூரோங்கில் யாருடைய லேத்திலோ நிற்கிறான். அவன் செய்துகொண்டிருந்த ஆலை வேலை இப்போது ஜெயபாலன் பட்டறைக்கு வருகிறது, அவனுக்கு அவர் இன்னும் போன் செய்யவில்லை.