பொத்தான் எந்தப் பக்கம்?

"சார், நீங்க மனுஷனே இல்ல!"

பார்சல் கம்பெனியின் சாப்பாட்டு அறைக்குள் கணக்காளர் கால் வைத்ததும் குண்டூசி கத்தினான். லாரி அனுப்பும் பிரிவில் இருப்பவன். உடம்புதான் குண்டூசி, தொண்டை அப்படியில்லை.

"நேத்து 'உப்புக் கப்பல்' பார்த்தீங்கள்ல? கேப்டன் முகமூடியைக் கழட்டினா உள்ள பொம்பளை! அதுவும் அந்த ஹீரோ பையனோட சொந்த அக்கா! போன வாரமே சொன்னீங்களே சார்!"

கணக்காளர் சிரித்து வைத்தார். அவர் எங்கே பார்த்தார்? அந்தக் கார்ட்டூன் தொடரில் கப்பல் கரையை விட்டுக் கிளம்புவதற்குள் சோபாவில் அவருடைய குறட்டை கிளம்பிவிடும்.

"நான் அந்தத் தொடரோட மூல நாவலையே ரெண்டு தடவை படிச்சவ," என்றாள் வரவேற்பு மேசைப் பெண். "அதுல கேப்டன் ஆம்பளைதான். தொடருக்காக மாத்திட்டாங்க. எனக்கே பொறி தட்டல, உங்களுக்கு எப்படி சார் தட்டுச்சு?"

"அதான் பொத்தான்!" குண்டூசி தன் சட்டையையே இழுத்துக் காட்டினான். "ஆம்பளை சட்டைன்னா பொத்தான் வலது பக்கம். கேப்டன் கோட்டுல இடது பக்கம். வரையறவன் ஒவ்வொரு காட்சியிலயும் தப்பாவா வரைவான்? என்ன கண்ணுய்யா இவருக்கு!"

கண் அவருடையது இல்லை. அவர் மனைவியுடையது. வீட்டிலேயே மெஷின் போட்டுத் துணி தைக்கிறவள். எந்தப் படம் பார்த்தாலும் அவளுக்கு முதலில் தெரிவது காலரும் கைமடிப்பும்தான். தொடர் ஓடிய மறுநாள் காலையில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "கேப்டன் பொம்பளைங்க, நீங்க வேணா பாருங்க" என்று ஆரம்பிப்பாள்.

"பொம்மைப் படத்துக்குப் போய் இவ்வளவு யோசனையா? உனக்கு வேற வேலையே இல்லையா?" என்பார் அவர். என்றுவிட்டு, ஒரு சொல் சிந்தாமல் மனசில் ஏற்றிக்கொண்டு பஸ் ஏறுவார்.

முதல் தடவை திருட வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை. ஒரு ஓரமாக உட்கார்ந்து தின்றுவிட்டுப் போகும் மனிதர் அவர். வந்தாரா போனாரா என்று யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு எல்லோரும் தொடரைப் பற்றி அடித்துக்கொள்ள, அவள் சொன்னதை எடுத்துவிட்டார். 'என் மனைவி சொன்னாள்' என்று முடிப்பதற்குள் "அடேங்கப்பா!" என்று ஆளாளுக்குத் திரும்பிப் பார்த்தார்கள். மிச்ச வார்த்தையை முழுங்கிவிட்டார். அதன் பிறகு வாராவாரம் முழுங்கினார். அவருக்கென்று நடு நாற்காலியைக் காலியாக வைக்கும் அளவுக்கு நிலைமை முற்றிவிட்டது.

மேலாளர் உள்ளே வந்தார். "சாரை வாழ்த்திட்டீங்களா? சனிக்கிழமை நம்ம கம்பெனி குடும்ப விழாவுல சாப்பாட்டுக்கு முன்னாடி இவர் மேடையில பேசப்போறாரு. கடைசிப் பகுதியில என்ன நடக்கும்னு எல்லாருக்கும் சொல்லணும். வீட்டுல அழைச்சிட்டு வந்துடுங்க சார். முன்வரிசையில உட்கார வைக்கிறோம்."

நடு நாற்காலியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்த கணக்காளர் அதைத் திரும்ப மூடினார்.

முன்வரிசையில் அவள். மேடையில் இவர். அவள் சொன்ன சொல்லை அவள் முன்னாலேயே எடுத்துவிட்டு, கைத்தட்டல் வாங்கி, அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? வீட்டில் அவளைக் கிண்டல் செய்த வாய் அல்லவா இது! சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று தன் மேலேயே வெறுப்பு வந்தது.

"நான் பேச மாட்டேன்," என்றார்.

"ஏன் சார், மேடைன்னா பயமா?"

"அதில்ல." தலையை நிமிர்த்தவே முடியவில்லை. டிபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அதெல்லாம் நான் கண்டுபிடிச்சது இல்ல. பொத்தான், அக்கா, எல்லாமே என் மனைவி சொன்னது. நான் ஒரு பகுதிகூட முழுசா பார்த்ததில்ல. அவ சொன்னதை என்னுதுன்னு சொல்லி உங்களை ஏமாத்திட்டேன். மேடையில யாராவது பேசணும்னா அவதான் பேசணும்."

எது வந்தாலும் வரட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டார். பல நாள் பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது.

முதலில் சிரித்தவன் குண்டூசி. "மேடையேறாம தப்பிக்க இப்படி ஒரு கதையா? இந்தத் தன்னடக்கம்தான் சார் உங்ககிட்ட!"

"சத்தியமாய்யா! அவளையே கேட்டுப் பாருங்க!"

"கேட்டாச்சு சார், போதும் நடிப்பு," என்றாள் வரவேற்பு மேசைப் பெண். "நேத்து சாயங்காலம் காய்கறிக் கடையில அவங்களைப் பார்த்தேன். நீங்க இங்க சொல்ற ஒண்ணொண்ணையும் சொல்லி, 'உங்க வீட்டுக்காரர் பெரிய மூளைக்காரர்ங்க'ன்னு பாராட்டினேன். கையில எடுத்த கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. அப்புறம் சிரிச்சிக்கிட்டே சொன்னாங்க, 'ஆமாங்க, எல்லாம் அவர் சொல்றதுதான். நான் தைச்சுக்கிட்டே பக்கத்துல உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருப்பேன்.'"