கல் விழுந்த இடம்

ரத்தப் பரிசோதனையில் காவல் நாய் செவலை முக்கால் பங்கு ஓநாய் என்று வந்தது. சட்டப்படி அது இனி காட்டுக்குச் சொந்தம். மாதம்மாளின் ஆட்டுப்பட்டியை நான்கு வருடம் காத்த நாயை வனக்காவலர் காட்டில் விடப் பிடித்துக்கொண்டு போனார்.

"மனுசங்க கிட்ட மறுபடி வந்தா சுட்டுருவாங்கம்மா. வந்தா கல்லால அடிச்சுத் தொரத்திருங்க."

எட்டாம் நாள் காலை மேய்ச்சல் மேட்டில் செவலை வாலாட்டிக்கொண்டு வந்து நின்றது.

"போயிரு சாமி, போ!"

அழுதுகொண்டே எறிந்தாள். அதன்மேல் எறியக் கை வரவில்லை. கல் தள்ளி விழுந்தது.

விலகிப்போகும் ஆட்டைத் திருப்ப அவள் எப்போதும் கல்லெறிவாள். கல் விழுந்த இடத்துக்குச் செவலை பாயும். இன்றும் பாய்ந்தது. அங்கே ஆடு இல்லை. சுற்றிலும் தேடிவிட்டு அவளைப் பார்த்தது.

மாதம்மாள் அடுத்த கல்லுக்குக் குனிந்தாள். அது காதை நிமிர்த்தி, ஓடத் தயாராக நின்றது.