அழிக்கும் பொத்தான்

கர்ப்பிணிகளுக்கான அந்தச் செயலியில் ‘கணக்கை அழி’ என்ற பொத்தானுக்கு நிரல் எழுதியவள் நிரஞ்சனாதான். அழுத்தினால் எதுவும் அழியாது. அழுத்தியவர் கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான். “பின்னாடி உதவும்மா, டேட்டாவ எதுக்குத் தூக்கிப் போடணும்?” என்றிருந்தார் டீம் லீடர் ஜெபராஜ். எல்லாக் கம்பெனியிலும் இப்படித்தானே என்று அவளும் விட்டுவிட்டாள். ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே அவள் அழுத்தியதும் அதே பொத்தானைத்தான்.

மூன்றரை வருடம் கழித்து, ஒரு பள்ளிக்கூடத்துக்காக, பிரசவத் தேதி கடந்து மூன்று வருடமான தாய்மாரின் பட்டியலைக் கேட்டார் ஜெபராஜ். “அழிச்ச கணக்கையும் சேத்துக்கோ. பிள்ள பொறந்ததும் எல்லாரும் அழிச்சிடுறாங்கல்ல?”

“அவங்க சம்மதம் வேண்டாமா சார்?”

“அதெல்லாம் லீகல்ல பாத்துக்குவாங்க.”

எடுத்துக் கொடுத்தாள். பன்னிரண்டாயிரம் பெயர்களை யார் உட்கார்ந்து படிக்கிறார்கள்?

அடுத்த வாரம் மதியம், கேன்டீனில் ஜெபராஜுக்கு எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. “வணக்கம் மேடம், எல்கேஜி அட்மிஷன் ஆரம்பிச்சிருக்கோம். உங்க குழந்தைக்கு மூணு வயசு முடிஞ்சிருக்குமே?”

இந்த நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்க வாயெடுத்தவளுக்கு, போன வாரம் தானே எடுத்துக் கொடுத்த பட்டியல் நினைவுக்கு வந்தது.

“பாப்பா பேரு சொல்லுங்க மேடம், எழுதிக்கிறேன்.”

நிரஞ்சனா டிபன் பாக்ஸை மூடினாள். ஜெபராஜின் முகத்தைப் பார்த்தபடியே, இதுவரை புருஷனிடம்கூடச் சொல்லாத அந்தப் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாகச் சொன்னாள்.