நாய்தான் மாமா

“கறை எதனாலன்னு எழுதிக்கட்டும்?” என்று கேட்டார் கார்பெட் கழுவ வந்தவர்.

“நாய்னே எழுதிக்குங்க” என்றாள் மருமகள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். ஆனால் சோபாவில் இருந்த மாமனாரின் காதில் விழாமல் போகிற அளவுக்குத் தாழ்த்தவில்லை.

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். காலடியில் பெட்டி தயாராக இருந்தது. பதினொரு மணிக்கு முதியோர் இல்லத்திலிருந்து கார் வருகிறது.

“நாய் இல்லப்பா, நான்தான். தூக்கக் கலக்கத்துல பாத்ரூம்னு நெனச்சு ரூம்லயே போயிடறேன் போல. காலையில பாத்தா ஈரம். ஒண்ணுமே ஞாபகம் இல்ல.”

“நாய்தான் மாமா. நீங்க ஏன் மனசப் போட்டுக் குழப்பிக்கிறீங்க?” அவர் தோளைத் தடவிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். மூன்று மாதமாக இதையே, இதே இரக்கத்தோடு சொல்லி வருகிறாள்.

“தங்கமான பொண்ணு” என்றார் பெரியவர். “என் மானத்தக் காப்பாத்த வாயில்லா ஜீவன் மேல பழியப் போடுது. இன்னமும் அவளக் கழுவ வச்சா நான் மனுஷனா? போகாதீங்கப்பான்னு மகன் அழுதான். நான்தான் பிடிவாதமாக் கிளம்பறேன்.”

கழுவ வந்தவர் வாளியை எடுத்துக்கொண்டார். பெரியவரின் அறைக்குப் போனார். கட்டிலை ஒட்டி நாயின் மெத்தை கிடந்தது.

“துணைக்கு இருக்கட்டுமேன்னு நான்தான் இங்க படுக்க வைக்கிறேன்” என்றபடி பின்னாலேயே வந்தாள் மருமகள்.

அவர் திரைச்சீலையை இழுத்துவிட்டு, கறை காட்டும் ஊதா விளக்கைப் போட்டார். கட்டில் கால், மேஜைக் கால், அலமாரி மூலை என்று அங்கங்கே கொஞ்சம் கொஞ்சமாகப் பளிச்சிட்டது. ஒவ்வொன்றிலும் ஒரு ஜாண் உயரத்திலிருந்து வழிந்து கார்பெட்டில் இறங்கியிருந்தது.

மனிதர் போயிருந்தால் ஒரே இடத்தில் தேங்கியிருக்கும். இப்படித் தூண் தேடித் தேடிக் காலைத் தூக்குகிற பிராணி எதுவென்று இருபது வருடம் கார்பெட்டில் மண்டியிட்டவருக்குத் தெரியாதா?

சந்தோஷத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. “அம்மா, நெஜமாவே நாய்தாம்மா. பெரியவர் மேல ஒரு தப்பும் இல்ல. இருங்க, ஓடிப்போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்.”

மருமகள் அறைக்கதவை மெல்லச் சாத்தினாள்.

“தெரியும். கார் போற வரைக்கும் இங்கயே கழுவிக்கிட்டிருங்க.”