தட்டிக்குப் பின்னால்

சங்கு ஊதியதுமே சுப்பாத்தாளுக்கு உடம்பு கூசத் தொடங்கிவிட்டது. பனியன் கம்பெனியின் பெண்கள் கேட்டுக்கு முன்னால் வரிசை கட்டினார்கள். பக்கத்தில் ஓர் ஓலைத்தட்டி. ஒவ்வொருத்தியாக அதற்குப் பின்னால் போய், முந்தானையை உதறிக் காட்டி, கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். சேலைக்குள் பனியன் எதையும் சுருட்டி வைத்திருக்கவில்லை என்று தடவிப் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு விடுவார்கள்.

காலையிலிருந்து குனிந்த தலை நிமிராமல் பிசிறு வெட்டியவர்களுக்குச் சாயங்காலம் கிடைக்கிற மரியாதை இது.

முன்பு வாட்ச்மேன் மணியன்தான் சோதனை போட்டான். அவன் கை தேடியது பனியனைத்தானா என்று எல்லாப் பெண்களுக்கும் சந்தேகம் இருந்தது, ஆனால் வாய் திறக்க ஆளில்லை. சுப்பாத்தாள்தான் நேரே முதலாளி ஆறுச்சாமியின் அறைக்குப் போய், "சோதன போட்டுத்தான் ஆகோணும்னா ஒரு பொம்பளையப் போடுங்க" என்று கேட்டுவிட்டு வந்தாள். முதலாளி மறுபேச்சுப் பேசாமல் மணியனை மாற்றினார், தட்டியும் கட்டிக் கொடுத்தார்.

பெண்கள் அன்றைக்கு அவளைக் கொண்டாடித் தீர்த்துவிட்டார்கள். ஆனால் பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாகத்தான் முடிந்தது. கை மாறியதே தவிர, கூச்சம் மாறவில்லை.

இன்றைக்கு மயிலாளின் முறை வந்தது. சுப்பாத்தாளுக்கு அவள் பக்கத்து வீடு. ஒருத்தி வைத்த குழம்பில் பாதி இன்னொருத்தி வீட்டுக்குப் போய்விடும், அத்தனை ஒட்டுதல். மயிலாளின் இடுப்பில் போய்க் கை நின்றது. உள்ளே சுருட்டி வைத்த துணி ஒன்று தட்டுப்பட்டது.

மயிலாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மாசத்தில் அந்த மூன்று நாளுக்காக, கூட்டித் தள்ளுகிற வேஸ்ட் துணியில் கிழித்து வைத்துக்கொண்டது அது. சுப்பாத்தாளுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. பார்க்கச் சகிக்காமல் அவளும் கண்ணை மூடிக்கொண்டாள்.

கை நகர்ந்தது. முன்பெல்லாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டே மங்கலம் ரோட்டில் ஒன்றாக நடப்பார்கள். மயிலாள் இன்றைக்குத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள்.

கேட் காலியானதும் சுப்பாத்தாள் தொட்டித் தண்ணீரில் இரண்டு கையையும் முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். தினமும் இப்படித்தான் கழுவுகிறாள். தோல் சிவந்ததே தவிர மனசு ஆறவில்லை. முந்தானையில் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று முதலாளி அறைக்குள் நுழைந்தாள்.

"வா அம்மிணி. இன்னும் ஊட்டுக்குப் போகலையா?"

ஆறுச்சாமி நல்ல மனுஷர். அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார். அவர் தலைக்கு மேலே, அறுபத்தேழாம் வருஷக் காலண்டரில் பழனியாண்டவர் கோவணத்தோடு நின்றுகொண்டிருந்தார். இந்தக் கம்பெனியில் சோதனை போடத் தேவையில்லாத ஒரே ஆள் அவர்தான்.

"கேட்ல சோதன போடறத நிறுத்திப்போடுங்க, முதலாளி."

"ஏனு, இப்ப என்ன ஆச்சு?"

மயிலாளின் துணியைப் பற்றி ஒரு ஆண்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் நாளைக்கு அவளுக்கு இங்கே வேலையும் இருக்காது. "கூசுதுங்க. ஊட்டுக்குப் போனாச் சோறு எறங்க மாட்டேங்குது. இங்க இருக்கறதெல்லாம் திருடிகளாங்க?"

"திருடின்னு யாரு சொன்னா? திருடி இல்லைன்னு தெரிஞ்சுக்கத்தான சோதன. நல்லவளுக்கு இதுல என்ன பயம்?"

"பயமில்லீங்க. மானமுங்க."

"இத பாரு. நியாயம்னா எல்லாருக்கும் ஒண்ணாட்ட இருக்கோணும். என்ற ஒண்ணுவிட்ட தங்கச்சி முத்தாயி இங்கதான் வேல செய்யறா. அவளையே சோதன போடாம உடறதில்லையே."

சுப்பாத்தாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலாளியின் அம்பாசிடர் காரும் இதே கேட் வழியாகத்தான் தினமும் வெளியே போகிறது. அதன் டிக்கியை எவனாவது திறந்து பார்த்ததுண்டா? நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

"ஆம்பள கை ஆகாதுன்ன, மணியன மாத்துனேன்." ஆறுச்சாமி பெருமூச்சு விட்டார். "நாலு பேரு பாக்கறாங்கன்ன, தட்டி கட்டுனேன். நிக்க முடியலைன்ன, உள்ள ஒரு ஸ்டூலும் போட்டாச்சு. இன்னும் என்ன கொறை?"

"மறைவா நடந்தா மட்டும் மானம் போகாதுங்களா?"

"அப்ப பனியன் போனாப் போகட்டும்கறயா?"

"எது வேணாப் போகட்டுங்க. செத்தாலும் நாளைக்கு நான் அந்தத் தட்டிக்குள்ள போக மாட்டேன்." அவள் குரல் உடைந்துவிட்டது. "மயிலாள் இனி என்ற மூஞ்சியில முழிப்பாளாங்க?"

ஆறுச்சாமிக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தாலாவது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். உபகாரம் செய்துவிட்டு ஏச்சு வாங்கிய மனுஷர் மாதிரி அவளைப் பார்த்தார்.

"பொம்பளையப் போடச் சொன்னது நீ. அதனாலதான கண்ணு, சோதன போடற வேலைய உனக்கே குடுத்தேன்."