கோட்டயத்தில் ஒரு கிரேக்கக் கதை

கதையைக் கேட்டுத் தயாரிப்பாளர் அவறாச்சன் சிரித்த சிரிப்பில் கோட்டயத்து ரப்பர் மரமெல்லாம் இலை உதிர்த்தது. இயக்குநர் சாஜனுக்கு இவர் பதினோராவது தயாரிப்பாளர். இவரும் கைவிட்டால் படமே இல்லை.

"புதைக்காதேன்னு ராஜா தடுத்த அண்ணன் பிணத்தைத் தங்கச்சி தனியாப் போய்ப் புதைக்கிறாளாம்! எவன்டா நம்புவான்?"

"கிரேக்கத்துல ரெண்டாயிரம் வருஷமா நம்புறாங்க, முதலாளி."

"அந்த ஊர்ப் பொம்பளைக்குப் பயம் கிடையாது. இங்கே? என் பேச்சை மீறிக் கல்யாணம் பண்ணின தம்பி செத்தப்போ, குடும்பக் கல்லறையில வைக்காதேன்னு துபாயிலேருந்து ஒரே ஒரு போன் போட்டேன். பஞ்சாயத்து மயானத்துக்குப் போயிட்டான்! இதோ, இவதான் அனுப்பினா."

தேநீர் கொண்டுவந்த தங்கை ரீத்தாம்மா தட்டை மேசையில் வைத்தாள்.

"போன்ல சரின்னுதான் சொன்னேன், சேட்டா. ஆனா அவனைக் குடும்பக் கல்லறையில, நம்மளைப் பெத்த அப்பச்சன் பக்கத்துலதான் வெச்சேன். நாலு வருஷமா கல்லறையில நீங்க ஏத்துற மெழுகுவத்தி அவனுக்கும் சேர்த்துத்தான்."

ரீத்தாம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க மீதிக் கதையைச் சொல்லுங்க, சாஜன்."